வண்டிக் கொட்டிலில் சிவப்புக் கார்

"அண்ணை, உங்கடை வீட்டு வாசலிலை சிவப்புக் கார் ஒண்டு நிக்குது. கூரை கூட இல்லை. அக்கா அதுக்குள்ளை இருந்து சிரிச்சுக்கொண்டிருக்கிறா."

மண்ணெண்ணெய் வாங்க வந்த செல்லாச்சி இதைச் சொன்னதும், சரவணைக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஐயாத்துரைக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. கடையை விற்பனையாளரிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

செல்லாச்சி சொன்னது சரிதான். அவர் மனைவி அன்னபூரணம் காரின் முன் ஆசனத்தில் இருந்தாள். சுருவில் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்கள். காற்றில் அவளுடைய கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அருகில், சாரதி ஆசனத்தில், அவளுடைய அத்தை மகன் குணநாயகம்.

சின்ன வயதில் அவனுக்கு இவள், இவளுக்கு அவன் என்றுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு. பிறகு சாதகம் பொருந்தவில்லை. அன்னபூரணத்தை ஐயாத்துரைக்குக் கொடுத்தார்கள். குணநாயகம் பேராதனையில் படித்து எஞ்சினியர் ஆனான். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் இந்த எம்.ஜி. காரை வாங்கினான். இன்னும் கலியாணம் செய்யவில்லை. இதுவெல்லாம் ஐயாத்துரைக்குத் தெரிந்த விசயங்கள். அவன் ஏன் இன்னும் கலியாணம் செய்யவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

"சாம்பியாவுக்குப் போறன், அண்ணை. மூண்டு வருசம்," என்றான் குணநாயகம். "புளியங்கூடலிலை எங்கடை வீட்டிலை விட்டால் தம்பிமார் ஓடி உடைச்சுப் போடுவாங்கள். உங்கடை வண்டிக் கொட்டில் சும்மாதானே கிடக்குது?"

ஐயாத்துரை பதில் சொல்வதற்குள் அன்னபூரணம், "அதுக்கென்ன, விடுங்கோ மச்சான்," என்றுவிட்டாள்.

அடுத்த நாள் ஐயாத்துரை கடைக்கு லீவு போட்டார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியும் படிக்கவில்லை.

குணநாயகம் பெனியனோடு காருக்கு அடியில் கிடந்தான். பழைய எஞ்சின் ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றினான். பெற்றோல் முழுவதையும் இறக்கினான். றேடியேற்றர் தண்ணீரைத் திறந்துவிட்டான். பற்றரியைக் கழற்றினான். காரை ஜாக்கி வைத்து உயர்த்திப் பனங்குற்றிகளில் இருத்தினான். புகைக்குழாய்க்குள் எலி புகாமல் துணி அடைத்தான். பளபளக்கும் இடமெல்லாம் கிறீஸ் பூசினான். அன்னபூரணம் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தாள். எந்த ஸ்பனர் என்று அவன் சொல்லிமுடிக்கும் முன்னரே நீட்டினாள்.

"இஞ்சை பார், அன்னம். இது கடல்காத்து. சும்மா விட்டால் எஞ்சின் இறுகிப்போம். மாசத்துக்கு ஒருக்கா இந்தப் பிளக் ஓட்டையளுக்கை கொஞ்சம் ஒயில் விட்டு, ஹான்டிலைப் போட்டுச் சுத்து. நீ மறக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்."

'நீ' என்கிறான். கலியாணமாகி ஐந்து வருடத்தில் ஐயாத்துரை மனைவியை 'நீர்' என்றுதான் கூப்பிட்டு வந்தார். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார். இப்போது அது ஏதோ தூரத்து உறவு போலக் காதில் விழுந்தது.

"ஹான்டில் சுத்த எனக்கும் கை இருக்குது," என்றார்.

"உங்களுக்குக் கடை வேலை, அண்ணை. அவள் பாப்பாள்."

கொட்டில் பூட்டின் திறப்பு அன்னபூரணத்தின் கைக்குப் போனது. அவள் அதைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். ஐயாத்துரை அதைக் கண்டும் காணாதவர் போலக் கிணற்றடிக்குப் போனார்.

குணநாயகம் போய்விட்டான். கார் போகவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் என்றது மெல்ல மெல்லக் கிழமைக்கு ஒரு தரம் ஆயிற்று. பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தால் குசினியில் அடுப்பு எரியும், ஆள் இராது. பிறகு அவள் கொட்டில் பக்கமிருந்து முகம் சிவந்து வருவாள். கையில் ஒயில் மணக்கும்.

"இவ்வளவு நேரம் என்ன வேலை?"

"தூசி தட்டினனான்."

ஊர்ப் பேச்சை அவர் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, ஊர் பேசக்கூடியதையெல்லாம் அவரே தனக்குள் பேசி முடித்திருந்தார். சாம்பியாவில் இருப்பவன் இப்போது எதை நினைத்துக்கொண்டிருப்பான்? சோற்றைப் பிசையும்போதும் அதே நினைவுதான்.

ஒருநாள் அவள் திறப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றில் குளிக்கும் நேரம், அதை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். புகைக்குழாய்த் துணியை இழுத்து எறிந்துவிட்டால் எலி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். மூடியிருந்த சீலையை விலக்கினார். சாரதி ஆசனத்தில் ஒரு தலையணை இருந்தது. அவர்களுடைய கட்டில் தலையணை. கழுவிக் காயப்போட்ட இடத்தில் காணாமல் போய்விட்டது என்று அவள் சொன்னது. துணியில் கை வைக்கவும் மறந்து, அப்படியே வெளியே வந்தார். அவன் இருந்த ஆசனத்தில் தலையணை போட்டுப் படுக்கிறாள். வேறு என்ன?

அடுத்த கிழமை கடையிலிருந்து நேரத்தோடு வந்து, சைக்கிளை வேலிப் படலைக்கு வெளியே சாத்திவிட்டுக் கொட்டில் கதவைத் தள்ளினார்.

அன்னபூரணம் படுத்திருக்கவில்லை. தலையணையை அடியில் வைத்து உயர்ந்து, ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தாள். கால் கிளச்சை அழுத்தியது. கை கியரை மாற்றியது. தெருவில் யாரோ குறுக்கே வந்தது போலச் சடாரென்று பிறேக்கை மிதித்தாள். பிறகுதான் அவரைக் கண்டாள்.

"என்ன செய்யிறீர்?"

"கார் ஓடப் பழகிறன்."

"அவனை நினைச்சோ?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஓம். அவரை நினைச்சுத்தான். அவரைக் கண்டாலே எனக்கு எரியும். பள்ளிக்கூடத்திலை கணக்குக்கு எப்பவும் எனக்குத்தான் கூடப் புள்ளி. என்னை எட்டாம் வகுப்போடை மறிச்சினம். அவர் பேராதனைக்குப் போனார், எஞ்சினியர் ஆனார். கார் வாங்கினார், இப்ப கப்பலேறியும் போட்டார். அண்டைக்குச் சுருவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒருக்கா நானும் ஓடிப் பாக்கட்டே எண்டு கேட்டன். பொம்பிளையளுக்கு ஏலாது எண்டு சிரிச்சார். நானும் சிரிச்சனான். வேறை என்ன செய்யிறது?"

ஐயாத்துரை வாசலிலேயே நின்றார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. ஆனால் இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து இருந்தது. இத்தனை வருடமும் இப்படியொரு ஆசையோடு ஒருத்தி தன்னருகில் படுத்து எழும்பியிருக்கிறாள். அவரிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டிருக்கிறாள்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பெற்றோல் வாங்கிவந்தார். இருவருமாகக் காரைக் குற்றியிலிருந்து இறக்கினார்கள். எதற்குப் பிறகு எது என்று அவள்தான் சொன்னாள். தண்ணீர் விட்டு, பற்றரி பூட்டி, நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகு எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது. படலையைத் தாண்டும்போது கார் ஒரு பக்க வேலிக் கிடுகைக் கிழித்தது. தோட்டங்களுக்கு நடுவே போன ஒழுங்கையில் அவள் முதல் கியரிலேயே ஓடினாள். ஐயாத்துரை இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயமாயிருக்கோ?"

"இல்லை. நீர் றோட்டைப் பாரும்."

அதன் பிறகு மாதாமாதம் இறக்கி, ஓடி, மறுபடி ஏற்றி வைத்தார்கள்.

குணநாயகம் சாம்பியாவிலிருந்து திரும்பிய அன்று நேரே கொட்டிலுக்குப் போனான். ஓடிய மைல் காட்டும் இலக்கங்களையும் ரயரையும் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"ஆர் ஓடினது?"

"அன்னம்," என்றார் ஐயாத்துரை.

"இவளோ? பகிடி விடாதேங்கோ. ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. தானாப் பழகினவ."

குணநாயகம் அன்னபூரணத்தைப் பார்த்த பார்வை ஐயாத்துரைக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முன்பு அவரே அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனான். ஐயாத்துரைக்கு அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி இறங்கியது.

அடுத்த மாதம் அன்னபூரணம், "லைசன்ஸ் எடுக்கப் போறன்," என்றாள்.

"கார் இல்லாமல் லைசன்ஸ் எதுக்கு?"

"இருக்கட்டும்."

இருவரும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார்கள். கார் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கிழட்டு மொறிஸ் நின்றது. பழக்குபவர் தலை முழுக்க நரைத்தவர், பல்லும் சில இல்லை. அவர் அன்னபூரணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு, மற்றப் பக்கம் ஏறிக்கொண்டார்.

"அந்தக் கியர் கொஞ்சம் இறுக்கம், பிள்ளை. மெல்லப் போடு," என்றார். "ஆ, உனக்குக் கை நல்லா வருது."

அவள் சிரித்தாள். மொறிஸ் சந்தியில் திரும்பி மறைந்தது. வேப்ப மரத்தின் கீழ் நின்ற ஐயாத்துரை, அந்தக் கிழவனுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லியும் எரிவு அடங்கவில்லை. சோடா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, கார் போன சந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.