கல் இல்லாத பை

நாத்தனார் சாப்பாட்டு மேசையின் நடுவில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில், தன் பித்தக் கற்களைக் கொண்டுவந்து வைத்தாள். மொத்தம் ஏழு. பழைய மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி அதில் போட்டு வைத்திருந்தாள். மஞ்சளும் பழுப்புமாக, யாரோ மென்று துப்பியதைக் காயவைத்தது போலிருந்தன. ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் குப்பி கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துவிடும். இன்றைக்குத் தம்பி மனைவிக்குப் புத்தி சொல்ல வந்திருந்தாள்.

"இதப் பாரு. இதுக்குப் பேருதான் வியாதி. கண்ணால பாக்கலாம், கையால எண்ணலாம்" என்று குப்பியைக் குலுக்கினாள். "உனக்கு என்ன இருக்கு? ஒரு கல்லு? அரைக் கல்லு?"

"கல்லு இல்லக்கா."

"கல்லே இல்லாம எதுக்கும்மா வயித்தக் கிழிச்சுக்கணும்?"

குப்பியின் அடியில் கற்களிலிருந்து உதிர்ந்த தூள் கொஞ்சம் சேர்ந்திருந்தது. குலுக்கும்போதெல்லாம் அது கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. தம்பி மனைவி எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே கணவனின் குரல் கேட்டது. "அவ பித்தப்பை ரொம்ப நல்லா வேல செய்யுதாம்க்கா. எல்லா எடத்துலயும் சோம்பேறியத்தான் வேலய விட்டுத் தூக்குவாங்க. இங்க ஓடி ஓடி உழைக்கிறவனத் தூக்கப் போறாங்க." அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு வாய் பச்சைத் தண்ணீர் வந்தது. எட்டிக்காய்க் கசப்பு. மூக்குக்குள்ளும் ஏறி எரிந்தது.

பதினோரு மாதமாக இதே கதைதான். ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டால் போதும், அரை மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு பிடி பிடிக்கும். அது முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும். பிறகு குமட்டல். பிறகு கழிப்பறை. அங்கே நடப்பதை விவரித்தால் கேட்கிறவர்கள் இரண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டார்கள். மூன்று டாக்டர்கள் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல் இல்லை, கட்டி இல்லை, வாயு என்றார்கள். அதில் ஒருவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நாலாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான், ஊசி போட்டுப் பித்தப்பையைச் சுருங்க வைத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். ஊசி ஏறிய சில நிமிடத்தில் அதே பிடி, அதே தோள்பட்டை, அதே குமட்டல், அச்சு அசலாக வந்தது. இயந்திரத்துக்கு அடியில் படுத்தபடி அவள் அழுதாள். வலியில் அழுகிறாள் என்று நினைத்து அங்கிருந்த நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையில் அது சந்தோஷம். ஒரு சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"உள்ள இருக்கிறதுல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பங்க ஒரே பிழியா பிழிஞ்சு தள்ளுது" என்றார் டாக்டர். "இவ்வளவு வேகம் தேவையில்ல. எடுத்துட்டா நெறைய பேருக்கு நல்லாயிடுது. எல்லாருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்கு அதுக்கப்புறமும் வயிறு தகராறு பண்ணும். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

ஐந்து வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் கத்தி என்றால் பயம் என்று சொன்னாள். பொய். இரண்டு பிள்ளை பெற்றவள், அதில் ஒன்று வயிற்றைத் திறந்துதான் வெளியே வந்தது. அவளுடைய பயம் வேறு. அது கணவனைப் பற்றியது.

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஆள். காலையில் ஏதாவது ஒரு பொடிசு சீட்டில் வாந்தி எடுத்துவிடும். பழைய துண்டால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையையும் கழுவிவிட்டு, பாதியில் வைத்த ரொட்டியைத் தொடர்ந்து தின்பான். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று பூரித்துப் போயிருக்கிறாள். அவன் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து மோந்துகூடப் பார்த்திருக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதே சட்டையை இரண்டு விரலால் தூக்கி வாளிக்குள் போடுகிறாள். அவன் உதட்டோரத்தில் காய்ந்த முட்டை மஞ்சள், மெல்லும்போது தாடையிலிருந்து வரும் ஈரச் சத்தம், தலையணையில் அவன் தலை பதிந்த எண்ணெய்க் கறை, எதைப் பார்த்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது. பக்கத்தில் வந்து படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஒரு நாள் அவனே கேட்டான்.

"என்னப் பாத்தாலே கொமட்டுதா உனக்கு?"

"சீ, என்ன பேச்சு இது. பித்தம். டாக்டர் சொன்னாங்கல்ல."

"அப்பச் சரி" என்று நம்பிவிட்டான். நம்பியது மட்டுமல்ல, நிம்மதியாகவும் தூங்கிப்போனான். பை உள்ளே இருக்கிறவரைக்கும் பழியைப் போட ஓர் இடம் இருக்கிறது. அதை எடுத்துக் குப்பையில் போட்ட பிறகும் இவன் மெல்லும் சத்தம் குமட்டினால்? அப்போது யாரைச் சொல்வது? இந்தக் கேள்வியைத் தாண்டி அவளால் ஐந்து வாரமாக ஓர் அடி வைக்க முடியவில்லை.

வேலையாவது வேறு மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எண்ணெய் ஆலையில் சுவை பார்ப்பது அவள் தொழில். பதினாலு வருட சர்வீஸ். தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெயைச் சூடாக்கி, நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் தருவார்கள். மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்து, நாக்கில் பரப்பி, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி, துப்ப வேண்டும். ஒன்பதுக்கு மதிப்பெண். ஆறுக்குக் கீழே போனால் அந்தத் தொட்டி எண்ணெயை டின்னில் அடைக்கக் கூடாது. சளி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு எது இருந்தாலும் அன்றைக்கு அந்த அறைக்குள் வரக் கூடாது என்பது விதி. வராமலிருந்தால் அப்புறம் மூட்டை கட்டும் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். 'உடல்நிலை நன்று' என்ற இடத்தில் பதினோரு மாதமாகத் தினமும் குறி போட்டுவந்தாள்.

நன்றுதான்! எந்த எண்ணெயை வாயில் வைத்தாலும் அழுகிய கொட்டை, ஈரம் காயாத அலமாரி, பழைய பெயிண்ட். பத்துக் கிண்ணம் வைத்தால் பத்தும் பத்து நாற்றம். உண்மையைச் சொல்வதென்றால் அத்தனை தொட்டியையும் சாக்கடையில் கொட்டச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். தராசில் பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போலத் தன் குமட்டலின் எடையைக் கழித்துவிடுவது. நாக்கு ஐந்து என்று சொன்னால், பித்தப்பைக்காக இரண்டு சேர்த்து ஏழு எழுதுவாள். பக்கத்து மேசைக்காரரின் மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது. அவருக்கு ஆலையில் மூக்கர் என்று பெயர், மோப்பத்துக்கும் சரி, மூக்கின் அளவுக்கும் சரி. மாதக்கணக்கில் மூக்கரோடு பிசகாமல் வந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

நாத்தனார் வந்துபோன மறுநாள் காலையில் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு டின் திறந்திருந்தது. நாலாம் தொட்டி எண்ணெய். ரொட்டிக் கம்பெனி ஒன்று அதில் பன் சுட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியிருக்கிறது. பிள்ளைகள் கடித்துவிட்டுத் துப்பியிருக்கிறார்கள். சிலதுகள் வாந்தி. முந்நூறு டின்னும் திரும்பி வந்துவிட்டது. சுவை பார்க்கும் மூன்றாவது ஆள் அந்தத் தொட்டியைச் சோதித்த அன்று விடுப்பு. இருவருடைய தாளிலும் ஏழு என்று இருந்தது.

"எனக்கு அன்னைக்கு ஜலதோஷம் சார்" என்றார் மூக்கர், தரையைப் பார்த்தபடி. "மேடம் என்ன போட்டாங்கன்னு எட்டிப் பாத்துப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் டின்னுக்கு மேல் குனிந்து மோந்தாள். பழைய பெயிண்ட். அதற்கு அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்த நெடி. அன்றைக்கும் இதேதான். நாக்கு நாலு என்றது. விலாவில் வலி கூடுதலாக இருந்த நாள் என்பதால் இரண்டுக்குப் பதில் மூன்று சேர்த்து ஏழு எழுதினாள். எழுதும்போது கை தயங்கியதுகூட இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நாக்கு ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறது. கெட்டதைக் கெட்டது என்று வாய் சொல்ல, இவள் உட்கார்ந்து அதைப் பித்தப்பையின் தலையில் கட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் கணவனின் வேனில் வாந்தி எடுத்தார்களோ என்று நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வாழ்நாளில் எந்த எண்ணெய் மேலும் வராத அருவருப்பு.

"சார், அவர் மேல தப்பில்ல" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா எதுக்கு ஏழு போட்டீங்க?"

"அது எண்ணெயோட நாத்தமா என்னோட நாத்தமான்னு தெரியல சார்."

பதினோரு மாதத்தையும் சொன்னாள். மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூக்கைச் சுளித்து அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார், அழுகிய சாமானைப் பார்ப்பது போல. டாக்டர் எழுதித் தரும்வரை அந்த அறைப்பக்கம் வர வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் மூக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "நானே ஏத்துக்கிட்டேன்ல? எதுக்கு வாயக் குடுத்தீங்க?" அவளுக்கு அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. நாலாம் தொட்டி நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. இவள் ஏழு போட்டிருந்தாள். வேறு எதற்கெல்லாம், யாருக்கெல்லாம், இப்படிக் கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறாள்? அல்லது நல்லதையெல்லாம் நாற்றமென்று ஒதுக்குகிறாளா? இந்தப் பை உள்ளே இருக்கிறவரை இரண்டில் எது என்று தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள நடுக்கமாகத்தான் இருந்தது. தெரியாமல் இருப்பதோ அதைவிடக் குமட்டியது. படிக்கட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இடம் இருக்கிறது என்றார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

சாயங்காலம் மழை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு கணவன் ஆலை வாசலுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் பொரித்த உருளைக்கிழங்கு வாசனை முகத்தில் அடித்தது. காகிதப் பொட்டலத்தை அவசரமாகச் சீட்டுக்கடியில் தள்ளினான். வீட்டில் எதுவும் பொரிப்பதில்லை என்பதால் மாதக்கணக்கில் அவன் இப்படித் திருட்டுத்தீனி தின்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல ஏறி உட்கார்ந்தாள். அவன் விரலெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. ஸ்டியரிங்கிலும் மினுமினுத்தது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"செவ்வாக்கெழம ஆபரேஷன். சொல்லிட்டேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! நானும் கேக்கவும் முடியாம, விடவும் முடியாம இருந்தேன். அக்கா கெடக்குது, அதுக்கு ஏழு கல்லு இருக்குன்னு திமிரு." சிரித்தான். பிறகு சாவியைத் திருகாமல், முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எல்லாம் சரியாயிடும்ல? முன்ன மாதிரி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். காலையில் அந்த டின்னை மோந்திருக்காவிட்டால் சொல்லியும் இருப்பாள்.

"வயிறு சரியாயிடும்னுதான் டாக்டர் சொல்றாங்க" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதுவுமே சட்டென்று மண்டையில் ஏறாத ஆள், இது ஏறிவிட்டது. கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். பொட்டலத்தைச் சீட்டுக்கடியிலிருந்து எடுத்து, இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நனைந்து திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினான். பெரிய சாலைக்கு வந்ததும் தன் பக்கத்து ஜன்னலை முழுவதுமாக இறக்கினான். மழை சரமாக உள்ளே அடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, தன் மூச்சு அவள் பக்கம் வராதபடி முகத்தை வெளிப்புறமாகச் சாய்த்தே ஓட்டினான். ஜன்னல்பக்கத் தோளும் காதும் கழுத்தும் சொட்டச் சொட்ட நனைந்தன. ஏத்துங்க, நனையுது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குளிர்ந்த காற்று உள்ளே போயிற்று. சொல்லாமலே, நனைகிற அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.