ஊர் என்ற கட்டம்

"இதைப் பாத்துச் சொல்லும் தங்கச்சி. 'நான் பிழை விட்டிட்டன், ஊர்ச்சனம் மன்னிக்கவேணும்.' அவ்வளவுதான்."

கழகத் தலைவர் ஞானரட்ணம் கைத்தொலைபேசியை யோகராணியின் மூக்குக்கு நேரே பிடித்தார். படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடுமாம். பாரிஸின் ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்னறையில், சனிக்கிழமை மத்தியானம், புலம்பெயர்ந்த ஊரவர் நடத்தும் புன்னைவளவு விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகசபை கூடியிருந்தது. பயிற்றுநர் யோகராணியோடு சேர்த்து ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் ஆண்கள். முன்பக்கத்தில் கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் என்பதால் கத்திப் பேசினார்கள். சத்தம் இல்லாவிட்டாலும் கத்தித்தான் இருப்பார்கள்.

அவள் செய்த குற்றம் இதுதான். ஆடி மாதத்தில் ஊர்க்கழகங்களுக்கிடையே நடக்கும் சுற்றுப்போட்டியில், பிள்ளை எங்கே பிறந்திருந்தாலும் தகப்பனின் ஊருக்குத்தான் விளையாடவேண்டும். விண்ணப்பத்தில் 'ஊர்' என்ற கட்டத்தில் தகப்பனின் ஊரைத்தான் எழுதவேண்டும். விண்ணப்பம் நிரப்பிய அதே கிழமை, பிரெஞ்சுக் கரப்பந்துச் சம்மேளனத்தின் லிசான்ஸ் என்ற பதிவுப் படிவங்களையும் யோகராணி நிரப்பிக்கொண்டிருந்தாள். அங்கே கேட்பது பிறந்த இடம். விடியற்காலையில் கம்பனிக் கந்தோர்களைத் துடைக்கும் வேலை முடித்து வந்த களைப்பில், அந்தக் கையோடு இதையும் பாரிஸ் புறநகர்ப் பெயர்களால் நிரப்பிவிட்டாள்: சார்சேல், பொபினி, லா கூர்நேவ். பத்துப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கும் புன்னைவளவு வாய்க்கவில்லை. சுற்றுப்போட்டிக்காரர்கள் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மைதானமே சிரித்தது. கரப்பந்து அணி களத்தில் கால் வைக்காமலே விலக்கப்பட்டது.

"அகதியா வந்து முப்பது வருசம் கட்டிக் காத்த ஊர்ப்பேர்," என்றார் ஞானரட்ணம். "ஒரு பொம்பிளையின்ர பேனையாலை போச்சு."

பேனையைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்க யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி மாணவியாக நானூறு மீற்றரிலும் ஈட்டி எறிதலிலும் வெற்றிக்கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். பதினெட்டு வயதோடு அந்த ஓட்டம் நின்றது. பிறகு யுத்தம், பாரிஸ், வாளி, துடைப்பம். இரண்டாயிரத்து ஒன்பதில், யுத்தம் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாமல் இருந்த நாட்களில், ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புல்தரை ஒன்றில் ஓடவிட்டாள். அதுதான் தொடக்கம். வலைப்பந்து, கரப்பந்து, ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஆள் இல்லாத வருடம் பொடியன்களின் உதைபந்தும் அவள் தலையில் விழுந்தது. நாற்பத்தேழு வயதில், அகராதியும் கையுமாகப் படித்துப் பிரெஞ்சுப் பயிற்றுநர் டிப்ளோம் எடுத்தாள். அந்த டிப்ளோமைக் காட்டித்தான் நகரசபையிடம் மைதானம் வாங்கினார்கள். ஆனால் மைதானம் கழகத்தின் பெயரில் இருந்தது. இன்று அவளை நீக்கினால் பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தப் பிள்ளைகளும் இவர்கள் கைக்குப் போய்விடும்.

பிழை என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தாள். கைத்தொலைபேசியைக் கண்டதும் வாய் வரவில்லை.

"பிழைதான் அண்ணை. உங்களுக்கு முன்னாலை சொல்லுறன். உதுக்குள்ளை பாத்துச் சொல்லமாட்டன்."

"அப்ப வாக்கெடுப்பம். இவவை நிப்பாட்டவேணும் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ. அஞ்சு கை போதும்."

நான்கு கைகள் சடாரென்று எழுந்தன. மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் தவரத்தினம். அவருடைய மகள் சிவாஜினிதான் அணித்தலைவி. குளிருக்குப் பயந்து காரைவிட்டு இறங்காத பிள்ளையை மாவட்ட அணிவரை கொண்டுபோனவள் யோகராணி. 'நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை அக்கா' என்று அந்த மனிதர் சொல்லாத ஞாயிறு இல்லை.

"என்ன தவம், சொல்லும்," என்றார் ஞானரட்ணம்.

தவரத்தினம் பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்ல... இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு," என்றார். கை மேசையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தது, ஞானரட்ணத்தைப் பார்த்தது, யோகராணியைப் பார்த்தது, திரும்பவும் மேசையில் படுத்துக்கொண்டது.

இந்தக் கை எழும்பாமல் விட்டால்தான் அவளுக்கு நாளைய ஞாயிறு உண்டு. அதை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஞானரட்ணத்தின் மேல்கூட அவளுக்கு அவ்வளவு வெறுப்பு வரவில்லை.

யோகராணி தன் கையைத் தூக்கினாள்.

"எழுதுங்கோ அண்ணை. அஞ்சு."

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை. நானும் இந்தச் சபையிலை ஒரு ஆள்தானே. தவத்தாருக்குக் கை நோகுது, பாவம்."

நாளை பத்துமணிக்குப் பிள்ளைகள் மைதானத்தில் வந்து நிற்பார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது. என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது. ஆனாலும் கையை இறக்கவில்லை. ஞானரட்ணம் பேனையைத் திறந்து குறிப்பேட்டில் குனிந்தார்.

அப்போது மேசையின் அந்தப் பக்கத்தில், அவளைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்போடு, கணக்குக்கு இனித் தேவைப்படாத தவரத்தினத்தின் கை மெல்ல மெல்ல எழுந்து காதுவரை வந்து நின்றது.