காற்று திரும்பிய காலை

ஒண்டாரியோ ஏரியின் வடகரையில், நீரை நோக்கிச் சரிந்திறங்கும் மேட்டின்மேல் அமைந்த பெல்மோர் என்னும் சிற்றூரில், இளவேனிலின் முதல் வெயில் கூரைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பனிக்காலம் முழுதும் கரையோரம் உறைந்து கிடந்த ஏரி, நெடுநாள் நோயினின்று எழுந்தவன் மெல்லக் கைகால் நீட்டிப் பார்ப்பதுபோல, தன் அலைகளை ஒவ்வொன்றாய்க் கரைக்கு அனுப்பிப் பார்த்தது. மேப்பிள் மரங்களின் நுனிகளில் செந்துளிர்கள் அரும்பியிருந்தன. தேவாலயத்தின் கூம்பில் அமர்ந்த கடற்காக்கைகள் ஊர் விழிக்கட்டுமென்று காத்திருப்பனபோல் அசையாதிருந்தன. இரவெல்லாம் நிலத்திலிருந்து ஏரியை நோக்கி வீசிய காற்று இன்னும் திசை மாறவில்லை. அன்பு மிக்க வாசகரே, அக்காற்றை நினைவிற் கொள்க; இனிச் சொல்லப்போவது யாவும் அதை நம்பிய ஒருத்தியின் கதையே.

அவள் பெயர் நோரீன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் மஞ்சள் வண்டியைப் பல்லாண்டு ஓட்டி ஓய்ந்தவள். ஞாயிறுதோறும் தேவாலயத்தின் மூன்றாம் வரிசையில் அமர்பவள். நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதையும் வேண்டுதலுக்கு நிகராய் எண்ணுபவள். மேட்டின் உச்சியிலிருந்த வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி, வில்லோ என்ற பொன்னிற நாய்க்குட்டியை அவளிடம் வளர்க்கக் கொடுத்திருந்தது. கையளவு குட்டியாய் வந்ததைத் தாய்போல் பேணி, தெருவின் இரைச்சலுக்கும் கடையின் நெருக்கத்துக்கும் பழக்கி, வாயிலில் பொறுத்து நிற்கவும் மேசையுணவை நாடாதிருக்கவும் கற்பித்து, சென்ற இலையுதிர்காலத்தில் பள்ளி வாயிலில் கொண்டுபோய் விட்டாள். விட்டவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். பின்னாலிருந்து எழுந்த மெல்லிய முனகல் இன்றளவும் அவள் செவியில் தங்கியிருந்தது.

வளர்த்தவர், நாயை விழியிழந்தவர் ஒருவரிடம் ஒப்படைக்கும் நாள்வரை அதன் கண்ணிலோ மூக்கிலோ படலாகாது என்பது அப்பள்ளியின் நெறி. ஒப்படைக்கும் நாளில் வார்க்கயிற்றை வளர்த்தவரே தம் கையால் எடுத்துக் கொடுக்கலாம். வரும் சனிக்கிழமை அந்நாள். ஆனால், பயிற்றுநரான கிரேட்டா தொலைபேசியில் சொன்ன செய்தி நோரீனின் உறக்கத்தைப் பறித்திருந்தது.

"வில்லோ நல்ல புள்ளதாங்க. ஆனா தெருவுல உங்க சாயல்ல யாராவது போனா, சட்டுனு நின்னுடுறா. இந்த வாரம் இன்னொரு தடவை வேலைய விட்டுட்டு யார் பின்னாடியாவது போயிட்டான்னா, அவளை அனுப்ப முடியாது. ஓரெஸ்டுக்குக் குடுக்க இப்ப வேற நாயும் இல்ல."

ஓரெஸ்ட் என்பவர் மேற்கே சஸ்காட்செவன் சமவெளியில் கோதுமை விளைத்தவர். நோயால் பார்வை இழந்தவர். முன்பொரு முறை இதே பள்ளிக்கு வந்து, தந்த நாய் தம் நடைக்கு ஒத்துவராமல் வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். மறுமுறையும் அவ்வாறே திரும்புவதானால் இனி வீட்டு வாசலைத் தாண்டப்போவதில்லை என்று அவர் சொன்னதாகக் கிரேட்டா சொல்லியிருந்தாள்.

அன்று காலை நோரீன் தன் கணவனின் பழைய மழையங்கியை அணிந்து புறப்பட்டபோது, கிளைவ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"ரொட்டி வாங்க."

"என் கோட்டைப் போட்டுக்கிட்டா? அது மீன் புடிக்கிற கோட்டும்மா. அந்த நாத்தத்துல கடையில இருக்கற ரொட்டியெல்லாம் எழுந்து ஓடிடும்."

"என் வாசனை தெரியக் கூடாதுல்ல."

"அப்போ நாயைப் பாக்கத்தான் போற."

"தூரத்துல நின்னு, ஒரே ஒரு தடவை. அது சரியா நடக்குதான்னு பாத்துட்டா எனக்குப் போதும். காத்து ஏரிப் பக்கம்தான் வீசுது. நான் கீழ்ப்பக்கமா நின்னா அதுக்குத் தெரியவே தெரியாது."

கிளைவ் எழுந்து வந்து அங்கியின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டான். பிறகு, "தோத்துட்டா நம்ம வீட்டுக்கே வந்துடுவா. அதை நெனச்சுப் பாத்தியா?" என்றான்.

"நெனச்சேன். அதான் வேண்டிக்கலாம்னு உக்காந்தா, என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியல."

மேட்டிலிருந்து இறங்கும் தெரு ஏரியை அடையுமுன் ஒரு குறுக்குச் சாலையைச் சந்திக்கும். அதன் அப்புறத்தில், இறங்கிவருவோர்க்கு இடப்புறமாய் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, இல்டா என்னும் போர்த்துக்கீசியப் பெண்ணின் அடுமனை இருந்தது. அவ்வேளை இல்டா வெளியே நின்று, கண்ணாடிச் சன்னலை வானம் தெரியும்படி துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு உள்ளே போனாள். அடுமனையின் துணிக்கூரை நிழலில் நோரீன் ஒதுங்கி நின்றாள். மேட்டிலிருந்து இறங்கிய காற்று அவள் முகத்தில் வந்து மோதியது. நெஞ்சு ஆறியது.

அன்றாடக் காலைப் பயிற்சி நடையில் அவர்கள் வந்தார்கள். அகன்ற தோளும் வெயிலில் பழுத்த முகமுமாய் ஓரெஸ்ட். அவரது இடப்பக்கத்தில், தோற்சேணம் பூண்டு, மணப்பெண்ணை அழைத்துவரும் தோழிபோல் அடியளந்து நடந்துவரும் வில்லோ. சில அடி பின்னால், இரு கைகளையும் முதுகுப்புறம் கோத்தபடி கிரேட்டா. நடைபாதையில் ஒருவன் சாய்த்து வைத்திருந்த மிதிவண்டியை வில்லோ வளைந்து விலக, அவ்வளைவைச் சேணப்பிடியின் வழியே உணர்ந்து ஓரெஸ்டும் வளைந்தார். குட்டியாய் இருந்தபோது தன் நிழலைக் கண்டே மிரண்ட உயிர் இன்று ஒரு மனிதனின் கண்ணாய் நடந்துவரும் காட்சியைக் கண்டு, நோரீனின் விழிகள் நிறைந்தன. கண்டாயிற்று, போய்விடலாம் என்று அவள் எண்ணிய அந்நேரத்தில்தான், வெயிலேறி நிலம் சூடுகொள்ள, ஏரிக்கரை மக்கள் பிறந்த நாள்முதல் அறிந்தும் அவள் மட்டும் அன்று மறந்துபோன வழக்கப்படி, காற்று திரும்பியது.

முதலில் அவள் தலைமுடி முன்புறமாய்ப் பறந்தது. அடுத்து, துணிக்கூரையின் ஓரம் ஏரிப்புறமிருந்து தெருப்புறமாய்ப் புடைத்தது. ஏரியின் குளிரோடு அவளுடைய மணமும், அவள் மறைந்துகொண்டதாய் நம்பிய மழையங்கியின் மணமும் சாலையைக் கடந்து சென்றன. கிளைவின் மீன்பிடிப் படகில் அந்த அங்கியின்மேல் தலைவைத்துத் தூங்கி வளர்ந்தவள் வில்லோ என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாலை விளிம்பில் வந்து நின்ற வில்லோவின் மூக்கு உயர்ந்தது. தலை மெல்ல இடப்புறம் திரும்பியது. கண்கள் நோரீனைக் கண்டுகொண்டன. வால் ஒரே ஒருமுறை அசைந்து நின்றது.

ஓரெஸ்ட் செவிசாய்த்து ஊர்திகளின் ஓசையை அளந்து, வழி ஓய்ந்ததென்று தெளிந்து, "முன்னால போம்மா," என்றார். பரந்த வயல்வெளியில் பேசிப் பழகிய குரல். குறுகிய சாலையைத் தாண்டி அது தெளிவாய்க் கேட்டது. வில்லோ அசையவில்லை. நேரே சென்றால் கடமை. குறுக்கே பாய்ந்தால், எந்நேரமும் ஊர்தி வரக்கூடிய சாலை நடுவே அவரையும் இழுத்துக்கொண்டு, தான் இழந்த மடி. அது இரண்டுக்கும் நடுவில் கல்லாய் நின்றது.

ஓரெஸ்டின் முகத்தில் கலக்கம் தோன்றவில்லை. மாறாக, மெல்லிய மகிழ்ச்சியே பரவியது.

"ஓ, சத்தம் போடாத காரு ஏதாவது வருதா? எங்க ஊர்ல டிராக்டர் வந்தா ரெண்டு மைல் முன்னாடியே ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வரும். இங்க எல்லாம் பூனை மாதிரி வருதுங்க. நல்ல புள்ள. நல்லவேளை நிறுத்தின."

ஊர்தி எதுவும் வரவில்லை. தெரு வெறுமையாய் இருந்தது. இல்லாத இடரிலிருந்து தம்மைக் காத்ததாய் எண்ணி அம்மனிதர் நாயைப் பாராட்டிய ஒவ்வொரு சொல்லும் நோரீனின் நெஞ்சில் முள்ளாய் இறங்கியது. கூவிச் சொல்லலாமா? குரல் கேட்டால் வில்லோ பாய்ந்துவிடும். கையசைத்துப் போகச் சொல்லலாமா? அதை அழைப்பென்றே கொள்ளும். அன்பு செய்யத்தக்க எல்லாமே அங்கே தீங்காய் மாறியிருந்தது. பின்னால் நின்ற கிரேட்டா அவளைக் கண்டுவிட்டாள். கிரேட்டாவும் வாய் திறக்கலாகாது. பயிற்றுநர் ஒரு சொல் உதவினாலும், அந்நடை நாய் தானே நடந்து காட்டியதாகாது. அவள் முகத்தில் சினம் இல்லை. ஒருமுறை கண்களை மூடித் திறந்தாள், அவ்வளவே.

"இன்னும் போகலையா அந்தக் காரு?" என்றார் ஓரெஸ்ட். "சரி. நீ சொன்னா சரிதான். எனக்கு என்ன அவசரம்? எத்தனையோ நாளா வீட்டுக்குள்ளதானே நின்னுட்டிருந்தேன்."

வாசகரே, ஒரு சிறு சீழ்க்கை போதும், வில்லோ அவளுடையதாகிவிடும். அவ்வெண்ணம் நோரீனுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது; உதடுவரை வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகு காட்டி, இரண்டாம் முறையாய் அவ்வுயிரை விட்டுவிட்டு அடுமனைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே சுடுரொட்டியின் மணம் நிறைந்திருந்தது. மாவு படிந்த கைகளோடு இல்டா நிமிர்ந்தாள்.

"என்னடி இது, புருஷன் கோட்டு? வீட்டுல சண்டையா, இல்ல துணியெல்லாம் வித்துட்டியா?"

நோரீன் சன்னலுக்கு எட்டாத மூலையில், மாவு மூட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். "இல்டா, வெளிய பாரு. எதிர்ப்பக்கம் ஒருத்தர் நாயோட நிக்கிறாரு. என்ன நடக்குதுன்னு சொல்லு."

"நீயே பாக்க வேண்டியதுதானே?"

"நான் பாக்கக் கூடாது. சொல்லேன்."

இல்டா அதற்குமேல் கேட்கவில்லை. சன்னலருகே போய் நின்றாள்.

"நிக்கிறாங்க. அந்தாளுக்குக் கண்ணு தெரியாது போல. நாய் நம்ம கதவையே பாக்குது."

"அப்புறம்?"

"பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு பொண்ணு பின்னாடி சிலை மாதிரி நிக்குது. இப்ப ஒரு லாரி போகுது. நாய் அசையல."

நோரீன் மூட்டையைப் பற்றிக்கொண்டாள். வேண்டுதற்குச் சொல் தேடினாள், கிடைக்கவில்லை. பிறர் கண்ணை நம்பி இருளில் நிற்பது எத்தகையதென்று, அவ்வளவு காலம் வழிகாட்டி நாயை வளர்த்தும் அறியாததை, அந்த மூலையில் நின்று அறிந்தாள்.

"அந்தாளு குனியறாரு. காதைத் தடவி ஏதோ சொல்றாரு. நாய் அவரை நிமிந்து பாக்குது." இல்டாவின் குரல் தாழ்ந்தது. "காலை எடுத்து வைக்குது. நடக்குறாங்க, நோரீன்."

"நேராவா? குறுக்கவா?"

"நேராத்தான். கோடு போட்ட மாதிரி. ரோட்டைத் தாண்டிட்டாங்க. ஏரிப் பக்கம் எறங்குறாங்க."

நோரீன் நெடுமூச்செறிந்தாள். பிறகு, கேட்கக்கூடாதென்று தெரிந்தும் கேட்டாள். "திரும்பிப் பாத்துச்சா?"

எந்த விடை அப்பெண்ணை ஆற்றும், எது அறுக்கும் என்று இல்டாவுக்குத் தெரியவில்லை. சற்றுமுன் தானே துடைத்த, தூசு துரும்பின்றி ஒளிர்ந்த அந்தக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள்.

"கண்ணாடியெல்லாம் ஒரே மாவுடி. சரியா தெரியல," என்று சொல்லி, சூடான ரொட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

மாலையில் கிரேட்டா தொலைபேசியில் அழைத்தாள். காலையில் நிகழ்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை வந்துடுங்க நோரீன். வில்லோ ஓரெஸ்டோட போறா. கயித்தை நீங்கதான் குடுக்கணும்." சற்று நிறுத்தி, "உங்க சொந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.

நோரீன் மழையங்கியை ஆணியில் மாட்டினாள். அதன் மடிப்புகளில் பொன்னிற மயிர்கள் சில, பலமுறை மழையில் நனைந்தும் போகாமல் ஒட்டியிருந்தன. உதற எடுத்த கையைக் கீழே விட்டாள். கிளைவ் அருகில் வந்து நின்றான், அவனும் உதறவில்லை.

நாம் நேசிப்பவர்க்கு நாம் செய்யக்கூடியது எதுவுமே இல்லாத காலைகள் வாழ்வில் வரும். அழைக்கவும் ஆகாமல், காக்கவும் ஆகாமல், அவர்தம் வழியிலிருந்து விலகி, முகம் திருப்பி நிற்பது ஒன்றே அன்று அன்புக்கு எஞ்சும் பணி. அந்த ஏலாமையையும் இறைவன் ஓர் ஈகையாய் ஏற்றுக்கொள்கிறான் என்றே நம்ப வேண்டும். வெளியே இருள் கவிந்தது. நிலம் குளிர்ந்தது. காற்று மீண்டும் ஏரியை நோக்கித் திரும்பி, மேட்டின்மேல் உறங்கும் நாய்களின் மணத்தைச் சுமந்துகொண்டு, அவ்வீட்டுச் சன்னலைக் கடந்து நீரின்மேல் சென்றது.