நியானின் கொம்பு

என் கணவர் யூனாய்க்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். என்னை அடிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தைரியம் அவருக்குக் கிடையாது. கையில் கிடைத்த கருவியால் எதையாவது வெட்டுவார், இல்லாவிட்டால் உடைப்பார், அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசிப்பார். அந்த ஆண்டு முதல் பனி விழுந்த வாரம் அவர் கையில் கிடைத்தது ரம்பம்.

நியான் வழக்கம்போலக் கூடாரத்துக்குள் தலையை நுழைத்திருந்தாள். நியான் என்றால் எங்கள் பேச்சில் ரொட்டி. அவளைப் பெற்ற பனிமான் பனிப்புயலில் செத்துப்போனதால், மீன்சாற்றில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்து அடுப்போரத்தில் போட்டு நான்தான் அவளை வளர்த்தேன். எங்கள் ஆட்களில் அப்படி ஒரு மானை வளர்க்காத பெண்ணே இல்லை. அவற்றுக்கு மந்தையும் வீடு, கூடாரமும் வீடு. குட்டியாக இருந்தவரை அது அழகுதான். பனிமானில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கிளைவிட்ட கொம்போடு வளர்ந்த பெட்டை வந்து நுழைந்தால்? அடுப்புக்கு மேலே தொங்கிய சங்கிலி கொம்பில் மாட்டிக்கொண்டது. அவள் மிரண்டு பின்னால் இழுத்தாள். கெட்டில் கவிழ்ந்து, கொதித்த டீ முழுவதும் யூனாயின் தொடையில் கொட்டியது.

"இது மானா, இல்ல நீ பெத்த மவளா?" என்று கத்தினார்.

"மவதான். அதுக்கு என்ன இப்போ?"

"அப்ப உன் மவளுக்கு இன்னிக்கு முடி வெட்டிவிடறேன், பாத்துக்க."

வெளியே கட்டிப்போட்டு இரண்டு கொம்பையும் அடியோடு அறுத்துவிட்டார். கொம்பு முற்றிக் காய்ந்திருந்ததால் வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரல் உயரத்துக்குக் கட்டை மட்டும் நின்றது. அதே சூட்டில், அந்தப் பருவம் சறுக்குவண்டியில் பூட்டுவதற்கு வைத்திருந்த ஒரு சாம்பல்நிறப் பெட்டைக்கும் அறுத்தார். வண்டியில் பூட்டும் மானுக்குக் கொம்பு இருந்தால் வாரில் சிக்கும். மலட்டுப் பெட்டைகளைத்தான் நாங்கள் பூட்டுவோம். நியானும் இரண்டு வசந்தம் குட்டி போடாமல் நின்றவள்தான். அதனால் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னேன், ஆனால் நான் எதற்குத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறேன்?

குளிர் இறங்கியது. குளிர் எங்கள் மான்களை ஒன்றும் செய்யாது. அவற்றின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழலாக இருப்பதால் முதுகில் விழும் பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்தால்தானே உருகுவதற்கு! கோடைச் சேற்றில் மெத்தென்று விரிந்திருந்த குளம்பு குளிரில் சுருங்கி, ஓரம் மட்டும் கூராக வெளியே நிற்கும். அந்த ஓரத்தால்தான் பனியைப் பறித்துக் குழி தோண்டி, அடியில் கிடக்கும் வெண்பாசியைத் தின்னும். கண்ணின் பளபளப்புகூட மாறிவிடும். கோடையில் விளக்கைக் காட்டினால் பொன்னாக மின்னும் கண், சூரியன் வராத நாட்களில் நீலமாக மின்னும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்தது. தூந்திராவில் எங்களுக்குப் புயல் பயமில்லை, மழைதான் பயம். பனியின்மேல் ஓயாமல் பெய்து, காற்று திரும்பியதும் மொத்தமும் கண்ணாடியாக உறைந்துபோனது. பாசி கீழே பத்திரமாகத்தான் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நகக்கண் அளவுதான் வளரும், பனிக்கடியில் செத்த மாதிரி கிடக்கும், ஈரம் பட்டால் பிழைத்துக்கொள்ளும். குள்ள வில்லோச் செடிகளும் அடுத்த கோடையின் மொட்டைச் சுமந்துகொண்டு தரையோடு தரையாகப் படுத்திருந்தன. எல்லாம் இருந்தது. மான்களின் மூக்குக்கு வாசனைதான் மேலே வரவில்லை. குளம்பு தேயத் தேயத் தோண்டினாலும் பத்தில் ஒரு குழியில்தான் பாசி தட்டுப்பட்டது.

கிடைத்த அந்தக் குழிக்கும் அடிதடி. கிடாக்கள் இலையுதிர்காலச் சண்டை முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும். மலட்டுப் பெட்டைகளுக்கு நடுக்குளிரில் உதிரும். வயிற்றில் குட்டி உள்ளவளுக்கு மட்டும் அது ஈனும்வரை நிற்கும். எவ்வளவு பெரிய கிடா தோண்டிய குழியானாலும் கொம்புள்ளவள் வந்து நின்றால் அவன் விலகிக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சத்தில் முதல் வாய் யாருக்கு என்பதை இவ்வளவு தெளிவாகத் தீர்த்துவைத்த ஏற்பாட்டை நான் மனிதர்களிடம் பார்த்ததே இல்லை. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எங்கள் கூடாரத்தில் முதல் துண்டுக் கொழுப்பு மாமனார் தட்டுக்குத்தான் போனது.

மந்தையில் நியானை எல்லோரும் விரட்டினார்கள். அவள் தோண்டுவாள், பாசி தெரிந்ததும் எவளாவது வந்து கொம்பைத் தாழ்த்துவாள், இவள் நகர்ந்துவிடுவாள். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து நிற்பாள். நான் ரொட்டி கொடுத்தேன். ரொட்டியை மட்டும் தின்று பனிமான் பிழைக்காது, வயிறு கெட்டுவிடும். விலா எலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது.

சாப்பிடும்போது யூனாய் தலை நிமிராமல் சொன்னார். "நியானைப் போட்டுடலாம்."

கையிலிருந்த இறைச்சியைத் தட்டில் போட்டேன். "என்ன சொன்ன?"

"வெளிச்சம் வந்ததும் மந்தையோட வடக்க நடக்க அவளுக்குத் தெம்பு கிடையாது. மலடு வேற. வழியில விழுந்தா நரி திங்கும். இப்ப போட்டா நாமளாவது திங்கலாம்."

"மவள எவனாவது திம்பானாய்யா?"

"அண்ணி," என்றாள் என் நாத்தனார் புதானா, மெதுவாக. எங்களோடு ஒரே கூடாரத்தில் இருப்பவள். எனக்கு எப்போதும் பரிந்து பேசுபவள். "அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு அண்ணி. அது தினம் தினம் சாவுது. உங்களால பாக்க முடியுதா?"

அவளும் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டப் பிடிக்காமல் எழுந்து வெளியே போனேன்.

நியான் நேராக வந்து என் வயிற்றில் தலையால் முட்டினாள். "போடி, உன்னாலதான் எல்லாம்" என்று கொம்புக் கட்டைகளைப் பிடித்துத் தள்ளினேன். பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டு கட்டையும் அசையாமல் உறுதியாக நின்றன. கூடாரக் கம்பைப் பிடித்த மாதிரி இருந்தது. மலட்டுப் பெட்டைகளின் கொம்பெல்லாம் உதிர்ந்து பனியில் கிடந்தன. இவளுக்கு ஏன் உதிரவில்லை? ஓடிப்போய் வண்டியருகே கட்டியிருந்த சாம்பல் பெட்டையின் தலையைத் தடவினேன். அங்கே கட்டை இல்லை, புதுத் தோல் மூடிய இரண்டு வட்டம்தான் இருந்தது.

யூனாயைக் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"தொட்டுப் பாருய்யா."

தொட்டார். "அதுக்கு என்ன? முழுக் கொம்புன்னா பாரத்துக்கு விழும். கட்டைக்கு என்ன பாரம்? அது பாட்டுக்கு நிக்கும்."

"அப்ப சாம்பலுக்கு ஏன் விழுந்துச்சு? அதே நாளு, அதே ரம்பம், அதே கோவக்காரன்தானே அறுத்தான்?"

அவர் போய்ச் சாம்பலின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்து நியானின் கட்டையை மறுபடி பிடித்தார். இந்த முறை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவள் தலையோடு சேர்த்து ஆடியதே தவிர, கட்டை ஆடவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

"பிள்ளைத்தாய்ச்சி கொம்பையா அறுத்துட்டேன்," என்றார்.

இனி அவளைக் கொல்லும் பேச்சு இல்லை. ஆனால் வயிற்றில் குட்டி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்? அது மந்தைக்குத் தெரிய வேண்டுமே! யூனாய் கோடாலியால் பனியை உடைத்து அவளுக்காகக் குழி போட்டார். போட்டு முடித்து நிமிர்வதற்குள் கொம்புள்ளவர்கள் வந்து அவளைத் தள்ளிவிட்டுத் தின்றார்கள். இவர் கத்திக்கொண்டு அவர்களை விரட்ட, அவர்களோடு சேர்ந்து நியானும் ஓடினாள்.

அன்று அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு உதிர்ந்து கிடந்த கொம்புகளில் நல்லதாக ஒரு ஜோடி பொறுக்கி வந்து, அடியில் துளை போட்டு, நியானின் கட்டைகளோடு சேர்த்துத் தோல்வாராலும் மான்நரம்பாலும் இறுக்கிக் கட்ட உட்கார்ந்தார். நான் அவள் வாயில் ரொட்டியைத் திணித்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

புதானா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி! அண்ணன் உங்க மவளுக்குச் சவுரி வெக்கிறாரு!"

"முடி வெட்டுனவரே வெக்கட்டும்," என்றேன்.

இடது கொம்பு கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. அவளை மந்தைக்குள் விட்டோம். தனக்குக் கொம்பு வந்ததே அவளுக்குத் தெரியாது. யூனாய் உடைத்த குழியில் முழங்கால்வரை இறங்கித் தின்ன ஆரம்பித்தாள். மந்தையிலேயே பெரிய பழுப்புப் பெட்டை ஒன்று, நிறைந்த வயிறும் கொம்புமாக அவளை நோக்கி வந்தது. நியான் வாய் நிறையப் பாசியோடு யார் அது என்று தலையைத் தூக்கினாள். கோணல் கொம்பு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. பழுப்பு நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு குழியைத் தேடிப் போய்விட்டது.

"யோவ்!" என்று யூனாயின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனிக்காற்று என்றார்.

அதன்பிறகு தினமும் காலையில் அவர் வார்களை இறுக்கிவிடுவார். நியான் தின்றாள். அவள் தின்று விட்டுப்போன குழிகளில் பனிக்கௌதாரிகள் பாதமெல்லாம் இறகு மூடிய காலோடு இறங்கி, வெளியே தெரிந்த வில்லோ மொட்டுகளைக் கொத்தின. கௌதாரிகளைத் தேடி வெள்ளை நரி வந்தது. ஒரு மான் தோண்டிய குழியைச் சுற்றி இத்தனை பேர் குடும்பம் நடத்துவதைப் பார்க்கும்போது, இந்த மண்ணில் பிறந்ததற்கு எனக்குப் பெருமையாக இருக்கும்.

வெளிச்சம் திரும்பியதும் வடக்கே நகர்ந்தோம். நியான் விழவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன். அவள் தாயைப் பார்த்தவள் இல்லை. தாய் நக்கி வளர்ந்தவள் இல்லை, ரொட்டி தின்று வளர்ந்தவள். குட்டியை என்ன செய்வது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

பயந்த மாதிரியே நடந்தது. பனித்தூவலும் காற்றுமாக இருந்த ஒரு காலையில், மேட்டின் பின்னால் அவள் ஈன்றாள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி கரியதாக, நனைந்து, ஆவி பறக்கப் பனியில் விழுந்தது. அவள் திரும்பி அதை முகர்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் குட்டியை விட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள்.

வந்து என் வயிற்றில் தலையால் முட்டினாள். வழியில் வார் தளர்ந்து கொம்பு ஒரு பக்கம் தொங்கியது. அங்கே குட்டி எழ முயன்று விழுந்தது. அந்தக் காற்றில் ஈரம் உறைய எவ்வளவு நேரம் ஆகும்? நான் போய்த் துடைத்தால் என் வாசனை அதில் ஏறிவிடும். அப்புறம் அவள் அதைத் தன்னுடையது என்று நினைக்கவே மாட்டாள். அது கூடாரத்துக்கு வரும். நான் இன்னொரு நியானை வளர்ப்பேன்.

"போ," என்றேன். போகவில்லை. தள்ளினேன், விளையாட்டு என்று நினைத்து மறுபடி முட்டினாள்.

தோளில் கிடந்த சுருக்குக் கயிற்றைச் சுருட்டி அவள் முகத்தில் அடித்தேன். அவளை வாழ்நாளில் நான் அடித்ததில்லை. அவள் திகைத்து நின்றாள். "நான் உன் ஆத்தா இல்லடி! போ! உன் பிள்ளையப் பாரு!" என்று கத்திக்கொண்டே இன்னொரு அடி வைத்தேன். அவள் பின்வாங்கினாள். உறைந்த பனிக்கட்டியை எடுத்து எறிந்தேன், அது அவள் தோளில் பட்டது. அவள் கண்ணில் இருந்ததை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அப்போது குட்டி கத்தியது. ஆடும் மூக்கிலிருந்து ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். நியானின் காது திரும்பியது. அதற்குப் பிறகு கழுத்து திரும்பியது. அவள் தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. யாரும் சொல்லித்தராத குரல். ஓடிப்போய்க் குட்டியை மூக்கிலிருந்து நக்கத் தொடங்கினாள், கடகடவென்று, நேரமாகிவிட்டது என்று தெரிந்தவள் மாதிரி. நான் பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

குட்டி எழுந்து, விழுந்து, எழுந்து, மடியைக் கண்டுபிடித்துக் குடித்தது. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த நேரத்தில் தாய்க்குப் பின்னால் நடந்தே போயிற்று.

மறுநாள் நான் ரொட்டியை நீட்டிக்கொண்டு மேட்டருகே போனேன். நியான் என்னைப் பார்த்தாள். குட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, தலையைத் தாழ்த்தி, தளர்ந்து தொங்கிய அந்தக் கொம்பை என் பக்கம் காட்டினாள்.