பல்லி வாசம் கேட்ட பாம்புக் குட்டிகள்

கலியாணமாகி நான்கு மாதமாகியும் அம்பிகை தன் புருஷனோடு தனியாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கபோச் சந்தைக்கு மேலே, மீன்காரர்கள் கத்துவது சன்னலால் நுழையும் அந்த வீட்டில், ஊரைவிட்டு வந்த சனம் மொத்தம் எட்டுப் பேர். புதுத் தம்பதிக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, அவளுடைய ஊதாச் சேலையையே குறுக்கே கட்டிவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் கிருபன் மெல்ல, "சாப்பிட்டனீரே?" என்று கேட்டால், அந்தப் பக்கமிருந்து, வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருந்த சிவபாலண்ணை, "அவ அப்பவே சாப்பிட்டிட்டா" என்று பதில் சொல்வார். இப்படிக் குடும்பம் நடத்தினால் பிள்ளை குட்டி எங்கேயிருந்து வரும்?

அதனால்தான் லிபெர்த்தாத் தெருவில் அவள் வேலை செய்த வீட்டின் மொட்டைமாடி அறைமேல் அவளுக்கு ஒரு கண். வீட்டுக்காரர் மங்கனாரோ ஓய்வுபெற்ற பல் டாக்குத்தர். ஆயுள் முழுவதும் ஊராரின் வாய்க்குள் எட்டிப் பார்த்து அலுத்தவர், கதைக்காத வாய்களாகப் பார்த்து வளர்க்கலாமென்று பாம்பின் பக்கம் திரும்பியிருந்தார். அந்த அறையிலே ஒரு கண்ணாடிப் பெட்டி. அமெரிக்க நண்பர் ஒருவர் கொடுத்த முட்டைகள் பொரித்து, உள்ளே இரண்டு குட்டிகள். ஒன்று ரேசர், ஓட்டத்துக்குப் பேர்போன சாதி. மற்றது கோச்விப், சாட்டைபோல நீண்டு மெலிந்தது. ஊர்ச் சாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று அம்பிகை தன்னைத் தேற்றிக்கொண்டாள். உடம்பு பென்சில் தடிப்புத்தான். கோபம் மட்டும் பெரிய பாம்பினுடையது.

ஓகஸ்ட் வந்ததும் மங்கனாரோ மொண்டெல்லோக் கடற்கரைக்குப் புறப்பட்டார். போகும்போது ஒரு வாக்குக் கொடுத்தார். குட்டிகள் இரண்டும் நான் வருவதற்குள் சாப்பிடத் தொடங்கினால் அவற்றை மொண்டெல்லோவுக்குக் கொண்டுபோய்விடுவேன், இந்த அறை உனக்கும் உன் புருஷனுக்கும். ஒன்று செத்தாலும் அறையென்ற பேச்சே இல்லை.

ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் அவர் உறையவைத்துவிட்டுப் போன எலிக்குஞ்சுகளை அம்பிகை மூக்கைப் பொத்திக்கொண்டு இளக்கிப் போட்டாள். குட்டிகள் கண்ணாடியைக் கொத்தின, கரண்டியைக் கொத்தின, அவளுடைய நிழலைக்கூடக் கொத்தின. எலியை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல், புற்றுக்கு வார்ப்பதுபோல ஒரு தட்டில் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்டாள். ரேசர் பாலில் இறங்கிக் குளித்தது. கோச்விப் கழுத்தை நிமிர்த்தி, பெரிய கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழாத குறையாக மொண்டெல்லோவுக்குப் போன் எடுத்தாள். பாலைக் கேட்டு மங்கனாரோ முதலில் சிரித்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் குட்டிகளுக்கு எலி எதென்று தெரியாது, பல்லிதான் தெரியும். எலிக்குஞ்சைப் பல்லியின் உடம்பில் நன்றாகத் தேய்த்துக் கொடு, வாசத்தில் ஏமாந்து விழுங்கிவிடும் என்றார்.

பல்லிக்கு எங்கே போவது? லிபெர்த்தா வீட்டை அம்பிகை துடைக்கிற துடைப்புக்கு எறும்புகூட அங்கே தங்காது. தெருவோரத்துப் பல்லிகளைத் துரத்தி முழங்காலை உரசிக்கொண்டதுதான் கிருபன் கண்ட பலன். அசையாமல் இருக்கிற பல்லி ஒன்றே ஒன்றுதான். அது கபோ வீட்டில், முருகன் கலண்டருக்குப் பின்னால் குடியிருந்த சிவபாலண்ணையின் பல்லி. அது 'ச்சிக்' என்று சொல்லாமல் அவர் விசா கொடுக்கிற கெஸ்தூராப் பொலிஸ் கந்தோர்ப் பக்கமே போகமாட்டார். தங்குவதற்கான பெர்மெஸ்ஸோக் கடுதாசி கிடைக்குமா கிடைக்காதா என்று அவருக்கு முதலில் சொல்வது அதுதான்.

"சாமிப் படத்துக்குப் பின்னாலை இருக்கிற சீவனப்பா. பாவம் சுத்தும்" என்றான் கிருபன்.

"தின்னக் குடுக்கேல்லையே. வாசத்தை மட்டும்தானே கேக்கிறம். அண்ணை வேலையாலை வரமுன்னம் கொண்டுவந்து விட்டிடுவம்."

சிவபாலண்ணை மொண்டெல்லோவில் கோப்பை கழுவப் போயிருந்த மத்தியானத்தில், பல்லி ஓட்டை போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஏறி பஸ்ஸில் லிபெர்த்தா போனது. வழியில் அது ஒருமுறை 'ச்சிக்' என்றது. கிருபன் பழக்கதோஷத்தில் முன்சீட்டைத் தட்டி மரியாதை செய்தான்.

"இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் தொடமாட்டன், நீங்கள்தான் தேய்க்கோணும்" என்று அம்பிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிருபன் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தான். இப்படியொரு அவமானத்தைப் பல்லி தன் ஆயுளில் கண்டதில்லை. துள்ளி, வாலைக் கழற்றி எறிந்தது. வால் பெட்டிக்குள் விழுந்து ஆடியது. ரேசருக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அது விழுங்கிய வேகத்தில் வால் போன இடம் தெரியவில்லை. ஏமாந்துபோன கோச்விப் அந்த எரிச்சலில் கிருபனின் கையிலிருந்த எலிக்குஞ்சையே பறித்து விழுங்கியது. புருஷனும் பெண்சாதியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அதுதான் முதல் தரம்.

பின்னேரம் கபோவில் பூகம்பம்.

"ஆரடா என்ரை பல்லியின்ரை வாலைப் புடுங்கினது?" சிவபாலண்ணை வீட்டிலிருந்த எல்லாரையும் கலண்டருக்கு முன்னால் நிறுத்தினார். "நீயே சொல்லு ராசா. ஜெனனியோ?"

பல்லி பேசாமல் இருந்தது.

"கிருபனோ?"

'ச்சிக்.'

சிவபாலண்ணை பக்தியோடு நிலத்தைத் தட்டினார். "நாளைக்கே ரெண்டுபேரும் மூட்டையைக் கட்டுங்கோ!"

மறுநாள் மூட்டையோடும் ஊதாச் சேலையோடும் இருவரும் லிபெர்த்தாப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மங்கனாரோ மறுத்தால் தெருத்தான். அம்பிகை போனில் அழுத அழுகையில் அவரும் அன்றே வந்து சேர்ந்தார். இரண்டு குட்டிகளின் வயிற்றையும் பார்த்தார், அம்பிகையின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அறை உங்களுடையதுதான் என்றார். ஆனால் மொண்டெல்லோவுக்குக் கொண்டுபோக இருந்த பாம்புகளை இனிக் கொண்டுபோக மாட்டாராம். உங்கள் கையால் சாப்பிட்டுப் பழகியவை, உங்களோடேயே இருக்கட்டும் என்றார்.

கிருபனின் முகம் செத்துப்போனது. அம்பிகை அவன் காதோடு சொன்னாள்: "ஓமெண்டு சொல்லுங்கோப்பா. பாம்பிருக்கிற அறைக்குள்ளை சிவபாலண்ணை கால் வைப்பாரே?"

அவன் ஓம் என்றான்.

கதவைச் சாத்தியதும் கிருபன் கட்டிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்பிட்டனீரே?" என்று கேட்டான். பழக்கத்தில் அம்பிகை அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"இன்னும் இல்லை" என்று தானே சொன்னாள்.

கிருபன் அவளுடைய கையைப் பிடித்தான். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே கோச்விப் கழுத்தை நீட்டி, இமைக்காமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ரேசரும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது.

அம்பிகை எழும்பிப்போய் மூட்டையை அவிழ்த்து, ஊதாச் சேலையை எடுத்து, பெட்டிக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினாள்.