நன்றி என்ற பெயரில் ஒன்றும் இல்லை

எங்கள் ஊரில் கணினி நிரல்களை நகராட்சி ஊழியர்கள் நடந்து ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டிக் கணக்கைத் தெப்பக்குளத்தின் வடக்கு மதிலில் ஒட்டுவார்கள். போட்டியாளர்கள் அதற்கான நிரலைத் தாளில் எழுதி, அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட நடையாளரிடம் கொடுக்க வேண்டும். ‘நூறு முறை செய்’ என்று நிரலில் இருந்தால் நடையாளர் குளத்தை நூறு முறை சுற்றுவார். சுற்றி முடித்து வந்து விடையைச் சொல்வார். எந்தக் கணக்குக்கும் கால வரம்பு இரண்டு வினாடிதான். எங்கள் ஊரில் அந்த இரண்டு வினாடி, மாலை ஆறு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதும்போது முடிகிறது.

வாங்கும் புள்ளிக்கு ஏற்ப வாசற்கதவுக்கு வர்ணம் பூசிவிடுவார்கள். முதலில் சாம்பல், பிறகு பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு. அதற்கு மேலும் ஒரு நிறம் உண்டு என்கிறார்கள், அந்தக் கதவை நான் பார்த்ததில்லை. என் கதவு வெகு காலம் நீலமாகவே இருந்தது. வெயிலில் வெளுத்துப் போனால் பெயின்டர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் நீலத்தையே அடித்துவிட்டுப் போவார். பகலில் நான் பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர். அங்கே என்னை யாரும் கதவின் நிறத்தை வைத்து மதிக்கவில்லை, வேறு எதை வைத்தும் மதிக்கவில்லை.

என் நடையாளர் செண்பகவல்லியம்மாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. நான் போட்டியில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்காக அவர்தான் நடக்கிறார். நான் எழுதிய அசட்டுத்தனங்கள் அத்தனையையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சுற்றியிருக்கிறார்.

முதல் வருடம் தைப்பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எப்போது நிற்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். தாளில் நில் என்று இல்லாவிட்டால் சங்கு ஊதினாலும் நடையாளர் நிற்கக் கூடாது. தாளை ரத்து செய்ய மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும், அலுவலகமோ பொங்கல் விடுமுறை. ஞாயிறு தொடங்கி வியாழன் வரை செண்பகவல்லியம்மாள் நடந்தார். அவருடைய மகள் தூக்குவாளியோடு பக்கத்திலேயே நடந்து சோறு ஊட்டினாள். பொங்கலன்று கரும்புத் துண்டும் கொடுத்தாள். வியாழக்கிழமை கையெழுத்து ஆனதும் வந்து என் முன்னால் நின்றார்.

“வடகிழக்கு மூலையில ஒரு படி பெயர்ந்திருக்கு சார். அது ஒண்ணுதான். மத்தபடி பாதை நல்லாப் பழகிருச்சு” என்றார்.

“நன்றிம்மா” என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடனே ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். போட்டியாளர் வாயிலிருந்து எது வந்தாலும், எந்தக் கிழமையானாலும், நடையாளர் அதை ஓட்டியாக வேண்டும் என்ற விதி எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தார்.

“அந்தப் பேருல எதையும் நீங்க அறிவிக்கலையே சார். குளம் முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். இல்லை” என்றார்.

அடுத்த வாரம் தாளின் முதல் வரியில் ‘நன்றி என்று ஒன்று உண்டு’ என்று முறையாக அறிவித்தேன். ஆனால் அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. எதுவும் எழுதாமல் விட்டால் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடப்பதைத்தான் நடையாளர் எடுத்து வர வேண்டும். தெற்குத் தெருக்காரர்கள் மின்கம்பம் நட்டதற்காக லைன்மேன் சுடலைமுத்துவுக்குச் சொன்ன பழைய நன்றி ஒன்றை அவர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல நன்றிதான். எங்களுக்குத்தான் பொருந்தவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் உள்ளே இருக்க வேண்டியதை எல்லாம் எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. வார்த்தைக்கு ஒரு சுற்று. எண்ணிப் பார்த்தேன், நாலாயிரத்துச் சொச்சம். ஒருவருக்கு நன்றி சொல்வதற்காக அவரையே நாலாயிரம் சுற்று நடக்கவிடுவது எந்த ஊர் நியாயம்? தாளைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து அவரிடம் வாயே திறப்பதில்லை. தாளைக் கொடுப்பேன், தலையை ஆட்டுவேன். பார்க்கிறவர்கள் என்னை மண்டைக்கனம் பிடித்தவன் என்றார்கள்.

ஊதாக் கதவுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு சலுகைகள் உண்டு. அவர்களுடைய நடையாளருக்கு நாற்காலி கிடைக்கும். ஊதாக்காரர்கள் எழுதும் நிரலில் சுற்று குறைவு என்பதால், நகராட்சி மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்று கைப்பிடியில் விரலால் தட்டினால் போதும். இரண்டாவது சலுகை, குறிப்புரை. இரண்டு விரல்களைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் பேசினால் அது கட்டளை அல்ல, சும்மா சொல்வது. அதற்காக நடையாளர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கீழ்க் கதவுக்காரர்கள் வளவளவென்று பேசுவார்கள் என்று அவர்களுக்கு அதை அனுமதிப்பதில்லை.

நான் ஊதாவுக்கு ஆசைப்பட்டது அந்த இரண்டு விரல்களுக்காகத்தான். கதவைப் பற்றி எனக்கென்ன கவலை?

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் மேற்பார்வையாளர் அந்தோணிராஜ் என்னை வழியில் பிடித்துக்கொண்டார்.

“உங்க நடையாளர் அம்மாவுக்கு இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி, தெரியுமா? வயசு முடியுது. முழங்காலும் போச்சு.”

“அதற்கப்புறம்?”

“ஓய்வுல போற நடையாளர் தன் போட்டியாளரை மறந்துரணும். ஃபைல்ல கையெழுத்து வாங்கிக்குவோம். நாற்காலி கிடைச்சவங்களுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. உக்காந்திருக்கிற ஆளுக்கு எதுக்கு ஓய்வு?”

ஊதாவுக்கு எனக்கு இருபத்து மூன்று புள்ளி குறைவாக இருந்தது. நீலத்தில் கிடந்த பதினொரு வருடத்தில் ஒரே நாளில் அவ்வளவு ஏறியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை தவறினால், செண்பகவல்லியம்மாள் என்னை மறந்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு தாளை நீட்டிய ஒரு மண்டைக்கனக்காரனாகக்கூட அவர் நினைவில் நான் இருக்கப் போவதில்லை.

அன்று மதிலில் ஒட்டியிருந்த கணக்கு இது: அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நெட்டையானவர் முன்னாலும் குட்டையானவர் பின்னாலும் நிற்கும் ஜோடிகள் எத்தனை?

பார்த்ததும் கை தானாக எழுதிவிட்டது. முதல் ஆளைப் பின்னால் நிற்கும் எல்லாரோடும் ஒப்பிடு, இரண்டாம் ஆளைப் பின்னால் நிற்கும் எல்லாரோடும் ஒப்பிடு, இப்படியே போ. தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். செண்பகவல்லியம்மாள் வாங்குவதற்கு முன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். நிமிர ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் நான் மனக்கணக்குப் போட்டேன். ஆயிரத்து எழுநூற்று எழுபது சுற்று. சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் நாளைக்கு மத்தியானம் வரை ஆகும். அவர் கையை நீட்டியபோது தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் மறுபடி குனிந்து கயிற்றைத் தளர்த்திக்கொண்டார்.

படியில் உட்கார்ந்தேன். மற்ற நடையாளர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கதவுக்காரர் ஒருவரின் நடையாளர் ஓட்டமும் நடையுமாகப் போனார். எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இந்தக் கணக்கில் யாரை யாரோடு ஒப்பிடாமல் விடலாம்? இதுவரை நான் இப்படிக் கேட்டுப் பார்த்ததே இல்லை. எதையெல்லாம் செய்ய வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறேன். எதைச் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பதினோரு மணிக்குமேல் வழி கிடைத்தது. வரிசையைப் பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு, ஒற்றை ஆள் வரும் வரை. பிறகு இரண்டிரண்டு துண்டாக உயரப்படி சேர்த்துக்கொண்டே வா. சேர்க்கும்போது ஒரு நெட்டையரைத் தாண்டி ஒரு குட்டையர் முன்னால் வந்தால், அந்த நெட்டையரோடு, அவர் துண்டில் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் எண்ணிவிடலாம். தனித்தனியாக ஒப்பிட வேண்டியதில்லை. சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாலும் முந்நூற்று அறுபது சுற்றுக்குமேல் போகாது. தாளைக் கொடுத்தபோது மணி சரியாகப் பன்னிரண்டு. ஆறு மணி நேரத்துக்கு முந்நூற்று அறுபது நிமிடம். அவர் கால் ஒரு நிமிடம்கூட மெதுவாகப் போகக் கூடாது.

முதல் நூறு சுற்று கடிகாரம் மாதிரி நடந்தார். நூற்றைம்பதுக்குமேல் இடது காலை இழுத்தார். இருநூறுக்குமேல் சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. நான் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஆறு மணி தாண்டுகிறது. ‘மெதுவாகப் போங்கம்மா’ என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இரண்டு சுற்று கூடும். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டேன்.

இருநூற்று எண்பத்தெட்டாவது சுற்று முடிந்ததும் அவர் என்னிடமிருந்து பத்தடி தள்ளிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மணி ஐந்தரை. நடையாளர் நடுவில் உட்கார்ந்தால் நிரல் செத்தது என்று அர்த்தம். மண்டைக்கனம் பிடித்தவன் பொது இடத்தில் அழுவதைப் பலர் பார்த்தார்கள்.

“அறுநூத்துப் பதினாலு ஜோடி” என்றார் செண்பகவல்லியம்மாள், மூச்சு வாங்கியபடி. “முடிஞ்சிருச்சு சார். ஒரு துண்டு தீர்ந்துட்டா அடுத்த துண்டுல மிச்சம் இருக்கிறவங்களை ஒப்பிட வேண்டியதில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. அதுல எழுபத்திரண்டு சுத்து மிச்சம்.”

எழுதியிருந்தேன். அதனால் என்ன மிச்சமாகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முப்பத்தொரு புள்ளி கிடைத்தது. திங்கட்கிழமை பெயின்டர் ஊதா டப்பாவோடு வந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை நகராட்சி மாடியில் நாற்காலி போட்டார்கள். பிரம்பு நாற்காலி, மேலே ஒரு சின்னத் தலையணை. செண்பகவல்லியம்மாள் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எனக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல காட்சி கிடைத்ததில்லை.

நான் முன்னால் போய் நின்று இரண்டு விரல்களைச் சாய்த்துக் காட்டினேன். நாலாயிரம் வார்த்தையும் மனப்பாடம். பொங்கல் வாரத்திலிருந்து தொடங்கினேன். முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணிராஜ் என் தோளைத் தட்டினார். “குறிப்புரை நடையாளர் காதுல விழாது சார். விழுந்தா அப்புறம் அது என்ன குறிப்புரை?”

நியாயம்தான். அந்த நாற்காலியே எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைச் செய்ய வேண்டியதில்லை என்று ஒவ்வொரு கணக்கிலும் தேடினேன். அவர் விரலால் தட்டுவதைக்கூடக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன். நூறு தட்டு நாற்பதாயிற்று, நாற்பது ஒன்பதாயிற்று. இரண்டு வருடத்தில், நான் கேட்காமலே, பெயின்டர் ஆரஞ்சு டப்பாவோடு வந்து நின்றார்.

ஆரஞ்சுக் கதவுக்காரர்களுக்கு என்ன சலுகை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கதவு காய்ந்த மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. செண்பகவல்லியம்மாள் நின்றுகொண்டிருந்தார். இடது கால் நேராக இருந்தது. உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து ஒரு சீட்டை நீட்டினார். ‘ஏற்கப்பட்டது’ என்று முத்திரை குத்தியிருந்தது. தேதி வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை.

“இப்பல்லாம் நீங்க எழுதுறதுக்கு முந்தியே ஓடி முடிஞ்சிருது சார். அவ்வளவு சுருக்கம்” என்றார். “கணக்குக்கு விடை சரி. கூட இன்னொண்ணும் வந்து சேர்ந்துச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை தாள்ல நன்றின்னு அறிவிச்சு, உள்ளேயும் நிறைய எழுதியிருந்தீங்க. முழுசாக் கேட்டேன்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

“ஏதோ நடந்தோம் சார். அதுக்கு இவ்வளவா சொல்வாங்க? பொங்கலன்னிக்கு எம் மக கரும்பு கொடுத்ததைக்கூட விடலையே நீங்க.”

வாய் திறக்கலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவரே தலையசைத்தார்.

“பேசுங்க. இப்ப நீங்க பேசப்போறதெல்லாம் போன மாசமே ஓடிருச்சு.”

“நல்லாச் சொன்னேனாம்மா?”

“நல்லாத்தான் சொன்னீங்க. கடைசியில மட்டும் அழுகை வந்து அஞ்சு நிமிஷம் நின்னுட்டீங்க. நான்தான் தண்ணி கொடுத்தேன்.”

காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு துவைத்த கைக்குட்டையை அலமாரியிலிருந்து எடுத்தேன். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.