ஜெபசிங் கொண்டுவந்த கம்பைலர்

கம்ப்யூட்டர் கம்பெனி வைக்கும் வேலைப் பரீட்சையில் ரூபி தேறிவிட்டால் ஜெபசிங் மஸ்கட் போக வேண்டாம். சென்னையில் அவளுக்கு வேலை; அங்கேயே அவனும் ஏதாவது பார்த்துக்கொள்வான். கல்யாணமாகி எட்டே மாதமான இருவரும் இப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

புரோகிராம் எழுதிப் பழக கம்பைலர் வேண்டும். எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். தென்காசிக் கடையில், "அதெல்லாம் கம்பெனிக்காரன் வாங்குத சாமான்" என்று கைவிரித்துவிட்டார்கள். நெட்டில் சும்மா கிடைப்பதென்றால் வைரஸ் இருக்கும் என்று ஜெபசிங்குக்குப் பயம். இரண்டு வாரம் அலைந்து, வீரகேரளம்புதூரில் கூடப் படித்தவனிடமிருந்து பென் டிரைவில் ஒன்றைக் கொண்டுவந்தான். திறந்ததும் நீலத் திரை.

"ஏங்க, எங்க காலேஜ்ல இருந்த அதே கம்பைலர்!"

"பெறகு? உன் புருஷன்னா சும்மாவா?"

இரண்டு மாதம் ரூபி தலை நிமிரவில்லை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது.

"ஏட்டி, ஊரே வந்து அருவில குளிக்குது. நாம இங்கனயே இருந்துட்டு வாளியில மோந்து ஊத்துதோம்."

"பாஸாகட்டும், போவோம்."

பரீட்சை நெட்டில் வந்தது. புரோகிராமை எழுதி ஓட்டிப் பார்த்தாள். முதல் வரியிலேயே பிழை. திருத்தினாள், கீழே பதினெட்டுப் பிழை. மனப்பாடமாகத் தெரிந்த வரிகளில் ஒன்றைக்கூட அந்தத் திரை ஏற்கவில்லை. நேரம் முடிந்துபோனது.

சாயங்காலம் தோழி சத்யபிரியா போனில் கத்தினாள். "அடிப்பாவி, அதுலயா பழகுன? அது முப்பது வருஷப் பழசுட்டி, அதுல எழுதுறத இப்ப உள்ளது ஏத்துக்காது! நம்ம காலேஜ்லதான் இன்னும் கட்டிக்கிட்டு அழுவுதாங்க. புதுசு எல்லாம் நெட்ல ஓசிக்கே கிடைக்குதே. பத்து நிமிஷத்துல இறக்கிருக்கலாமே!"

ரூபி போனை வைத்தாள். அடுத்த அறையில் ஜெபசிங் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவளும் போய் ஒரு சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

பத்தாம் நாள், தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மஸ்கட் விமானத்தைப் பிடிக்க அதில் ஏறப் போன ஜெபசிங் திரும்பி வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? நான் காசு குடுத்து நல்லதா வாங்கிருந்தா, நீ பாஸாயிருப்பியோ?"

"அதெல்லாம் நல்ல கம்பைலர்தாங்க," என்றாள். "எனக்குத்தான் புத்தி பத்தல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவன் முகம் தெளிந்தது. அவள் கன்னத்தைத் தட்டி, "போட்டும் விடு, ரெண்டு வருஷம் ஓடியே போயிரும்" என்று சிரித்தபடி ஏறிக்கொண்டான். பஸ் புளியறைப் பாதையில் திரும்பும் வரை ரூபியும் சிரித்தபடியே நின்றாள்.